ஜீப்புக்கு அடியில் டீச்சருக்கு என்ன வேலை?



போன வாரம் என் மருமகள் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் கேட்டுவிட்டீர்கள்! நூல் புடவையைச் செருகிக்கொண்டு, கையில் இஞ்ச் டேப்போடு, பழைய பெட்ஷீட்டில் படுத்து ஒரு ஜீப்புக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருக்கிறேன். "டீச்சர், ரிடையர் ஆனப்புறம் மெக்கானிக் ஷெட் வெச்சிட்டீங்களா?" என்று 1998 செட் பையன் ஒருவன் கேட்டிருந்தான். என் நாத்தனார் போனிலேயே திட்டினாள்: "ஏன் அண்ணி, இந்த வயசுல இடுப்பு கிடுப்பு பிடிச்சிக்கிட்டா யார் பாக்கறது?" தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எங்கள் மகனைப் பலருக்குத் தெரியும். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இரண்டு வருடம் முன்பு பழைய மகிந்திரா தார் ஒன்று வாங்கினான். 2010-ல் முதலில் வந்த அந்த மாடல், இரண்டு கதவு வண்டி. சனி, ஞாயிறு வந்தால் மலை, காடு, ஆற்றுப்படுகை என்று கிளம்பிவிடுவான்.

என் வீட்டுக்காரருக்கு இது அறவே பிடிக்கவில்லை. அவர் ஆவடி எச்.வி.எஃப்-ல் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிவந்த அதே தொழிற்சாலைதான். இவர் சேர்ந்தபோது விஜயந்தாவின் கடைசிக் காலம், பிறகு டி-72 அஜேயா. முப்பது வருடத்துக்கு மேல் சைக்கிளிலும் டி.வி.எஸ். ஃபிஃப்டியிலும் வேலைக்குப் போய் வந்த மனிதர். "ரோட்டுல போறதுக்கே நமக்கு வண்டி இல்ல. இவன் ரோடே இல்லாத எடத்துக்குப் போறதுக்கு வண்டி வாங்கறான். பேரு தாரு, ஆனா தாரு ரோட்டுல ஓட்ட மாட்டான்!" என்றார். மகன் லோன் போட்டு வாங்கியது தெரிந்ததும் பேச்சு நின்றுவிட்டது. அதன் பிறகு எல்லாம் என் வழியாகத்தான். "அவன் சாப்பிட்டானான்னு கேளு." "அப்பா மாத்திரை போட்டாரான்னு கேளும்மா." ஒரே ஹாலில் உட்கார்ந்துகொண்டு!

இந்தத் தை மாதம் மகன் குடும்பத்தோடு ஜவ்வாது மலைக்குப் போனான். பேத்திக்குக் காவலூர் வானோக்கு நிலையத்தைக் காட்ட வேண்டும் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். ஆலங்காயம் வழியாகப் போகும் அந்த ரோடு நல்ல ரோடுதான். மறுநாள் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு மண் பாதையில் இறங்கியிருக்கிறான். மழையில் அரித்த பள்ளம், நடுவில் ஒரு பாறை. முன் சக்கரம் ஏறி இறங்கிவிட்டது. வண்டியின் வயிறு பாறை மேல் உட்கார்ந்துவிட்டது. இடது கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டு விளிம்பு உள்ளே மடங்கி, கதவைத் திறக்க முடியவில்லை. மருமகள் டிரைவர் சீட் வழியாக ஏறிக் குதித்து இறங்கினாளாம். பேத்தியைப் பின்பக்கக் கதவைத் திறந்து தூக்கியிருக்கிறார்கள். யாருக்கும் அடி இல்லை. ஆனால் பேத்தி வந்து, "தாத்தா, அம்மா கதவு பூட்டிக்கிச்சு" என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

டிங்கரிங் செய்து கதவைச் சரிசெய்த பிறகு, மகன் இரண்டு நீளமான கறுப்புக் குழாய்களை வாங்கி வந்தான். பளபளவென்று இருந்தன. போர்ட்டிகோவில் வைத்து ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்தான். இவர் சாய்வு நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பல மாதம் கழித்து முதல் முறையாக அவனிடம் நேராகப் பேசினார்.

"அதை எங்க மாட்டப் போற?"

"பாடியிலதான்ப்பா. நாலு போல்ட்."

"அது கால் வெச்சு ஏர்ற படி. ஒரு ஆள் எடை தாங்கும். உன் வண்டி பாறை மேல உக்காந்தா யார் தாங்கறது?"

மகன் பதில் சொல்லவில்லை. இவர் எழுந்து போய், வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து வண்டிக்கு அடியில் காட்டினார். "பாடி வண்டி இல்லடா. சேசிஸ்தான் வண்டி."

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஜீப் வகை வண்டிகளில் அடியில் ஏணி மாதிரி ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். இரண்டு நீளச் சட்டங்கள், நடுநடுவே குறுக்குச் சட்டங்கள். எஞ்சின், சக்கரங்கள் எல்லாவற்றின் எடையும் அதில்தான் சேரும். நாம் உட்காரும் கூடு அதன் மேல் ரப்பர் வைத்து போல்ட் போட்டு உட்கார்த்தியது. கூட்டின் தகடு மெல்லிசு. வண்டியின் எடை ஒன்றரை டன்னுக்கு மேல். பாறையில் உரசும்போது அதில் பெரும் பங்கை அந்த மெல்லிய விளிம்பில் வைத்தால் அது மடங்காமல் என்ன செய்யும்? அதனால் கதவுக்குக் கீழே, கூட்டைத் தொடாமல், சேசிஸிலிருந்தே கை நீட்டி ஒரு கனத்த குழாயைப் பிடித்து நிறுத்துகிறார்கள். பாறை வந்தால் வண்டி அந்தக் குழாயின் மேல் சறுக்கிக்கொண்டு போய்விடும். அதற்குப் பெயர் ராக் ஸ்லைடர். பார்த்தால் படி மாதிரியே இருக்கும். வேலை வேறு.

"நாமளே செய்யலாம்" என்றார் இவர். "நாமளே" என்ற அந்தச் சொல்லைக் கேட்டு நான் சமையலறைக்குள் போய்விட்டேன். ஏன் என்று உங்களுக்குப் புரியும்.

அடுத்த ஞாயிறு இருவரும் இரும்புக் கடைக்குப் போனார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். 1964-லிருந்து இருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றிக் கிடைக்காத இரும்பு ஏது? கடைக்காரர் ஒரு குழாயை எடுத்துக் காட்டினார். இவர் அதில் இருந்த நிறப் பட்டையைப் பார்த்துவிட்டு, "இது நீலம். பி கிளாஸ். எனக்குச் சிவப்பு வேணும்" என்றார். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மஞ்சள் பட்டை ஏ கிளாஸ், நீலம் பி, சிவப்பு சி. வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே பருமன். உள்ளே சுவரின் தடிமன்தான் வித்தியாசம். ஒன்றரை இஞ்ச் சி கிளாஸ் குழாய்க்குச் சுவர் 4 மி.மீ. வெளிவிட்டம் 48 மி.மீ. சொச்சம்.

என் வேலை அளவு எடுத்து நோட்டில் எழுதுவது. நீங்கள் படத்தில் பார்த்தது அதைத்தான். பிரேக் குழாய் எங்கே போகிறது, டீசல் குழாய் எங்கே, ஒயர் எங்கே, சைலன்சர் எங்கே என்று எல்லாவற்றையும் வரைந்தேன். பக்கத்துக்கு மூன்று கைகள். நெம்புகோல் பாடம் நினைவிருக்கிறதா? தாங்கும் இடத்திலிருந்து எடை எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு முறுக்கும். அதனால் குழாய் வண்டியின் அகலத்துக்கு வெளியே நீட்டக் கூடாது, கைகள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது என்று நான் சொன்னேன். "டீச்சர் சொன்னா சரிதான்" என்றார் இவர். இதைச் சொல்ல அவருக்கு நாற்பது வருடம் ஆகியிருக்கிறது!

சேசிஸில் நேரடியாக வெல்டிங் வைக்க இவர் ஒப்பவில்லை. "கம்பெனிக்காரன் கணக்குப் போட்டு வெச்ச சட்டம். அதுல போய் நெருப்பு வெக்கக் கூடாது." அதனால் சட்டத்தை மேலும் கீழும் தகடு வைத்துக் கவ்வி, போல்ட் போட்டு முறுக்குவது என்று முடிவானது. எல்லாவற்றையும் கழற்றித் தரையில் வைத்துத்தான் பற்ற வைக்க வேண்டும். வண்டியில் இருக்கும்போது ஒரு பொட்டுக்கூட வைக்கக் கூடாது. இந்தக் காலத்து வண்டியில் கம்ப்யூட்டர் இருக்கிறது. வெல்டிங் கரண்ட் அதற்குள் போனால் வண்டியே கிளம்பாது.

இனிமேல் எழுதப் போவதை அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

மூன்றாவது ஞாயிறு மகன் ஒரு சின்ன வெல்டிங் மிஷினை வாடகைக்கு எடுத்து வந்தான். இவர் பழைய ஷீல்டைத் துடைத்து எடுத்தார். ராடை ஹோல்டரில் மாட்டி, உட்கார்ந்து, ஆர்க் அடித்தார். நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். சத்தத்தை வைத்தே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கல்யாணமான புதிதில் எச்.வி.எஃப். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இவர் கேட் பற்ற வைத்துக் கொடுப்பார். எண்ணெயில் அப்பளம் பொரிவது போல ஒரே சீராகச் சத்தம் வரும். இது விட்டு விட்டு வந்தது. பார்த்தால் கோடு பாம்பு மாதிரி நெளிந்திருந்தது.

"ராடு நமத்துப் போச்சு" என்றார். கிரைண்டரால் அதை அழித்தார். இன்னொரு ராடு. அதுவும் அப்படியே. "நமத்த ராடுடா இது, கடைக்காரன் ஏமாத்திட்டான்."

ராடு நமக்கவில்லை. அந்தப் பாக்கெட்டைப் பத்து நிமிடம் முன்பு நான்தான் பிரித்துக் கொடுத்தேன்.

பல வருடம் பிள்ளைகளோடு இருந்தவள் நான். "பென்சில் உடைஞ்சிடுச்சு டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால் பென்சில் உடைந்ததா, கணக்குத் தெரியவில்லையா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அவர் டீ கோப்பையை அரைக்கு மேல் நிரப்ப விடுவதில்லை. ஒரு வருடமாகவே அப்படித்தான். "எனக்குப் போதும்" என்பார். பேங்க்கில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று ஒரு முறை திரும்பி வந்தார். எல்லாம் எனக்குத் தெரியும். நானும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

அவர் மானத்தைக் காப்பாற்ற மகனைக் கடைக்கு அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவரே ஷீல்டைக் கழற்றிக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வாடா. ராடுல ஒண்ணும் இல்ல. என் கை ஆடுது. நீ பிடி. நான் சொல்லித் தரேன்."

மகன் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தான்.

அன்றைக்கும் அடுத்த இரண்டு ஞாயிறும் வெட்டுத் துண்டுகளில்தான் பாடம். இரண்டு தகடுகளைச் சேர்த்து மகன் பற்ற வைப்பான். ஆறியதும் இவர் அதை வைஸில் மாட்டி, சுத்தியலால் ஓங்கி அடித்து உடைப்பார். வெளியே அழகாக இருக்கும் கோடு, உடைத்தால் உள்ளே கறுப்பாகக் கசடு தங்கியிருக்கும். "பார். ஒட்டவே இல்ல. மேல பூசியிருக்க." முதல் பதினோரு துண்டும் உடைந்தன. நான் எண்ணினேன்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு உங்கள் ஞாபகம்தான். நான் உங்கள் நோட்டில் தப்பைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்துவிடுவேன். எங்கே ஒட்டவில்லை என்று உடைத்து உள்ளே காட்டியது எத்தனை பேருக்கு? ஐம்பத்தைந்து பிள்ளைகள், நாற்பது நிமிடம் என்று காரணம் சொல்லலாம். காரணம் உண்மைதான். ஆனாலும் சிலருடைய முகம் வந்து போகிறது.

பன்னிரண்டாவது துண்டு உடையவில்லை. தகடுதான் வளைந்தது. மகனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "அப்ப நாளைக்கே ஸ்லைடர் பற்ற வெச்சிடலாம்ப்பா" என்றான்.

"இல்ல" என்றார் இவர். "மூடி, ஓரக் குழாய் எல்லாம் நீ வை. எடை விழற ஜாயிண்ட் வேணாம். தினம் இதே வேலையா இருக்கறவன் வெக்கட்டும். உள்ள என் பேத்தி உக்காருவா." மகன் முகம் வாடியது. இவர் தோளில் கை வைத்து, "என்னையும் சேர்த்துத்தான்டா சொல்றேன்" என்றார். எஸ்டேட்டில் ஒரு ஷெட்டில் கொடுத்து, கைகளும் தகடுகளும் சேரும் இணைப்புகளை அங்கே பற்ற வைத்தோம். இவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தார். அந்தத் தம்பி வேலை முடிந்ததும், "பெரியவரே, நீங்க எந்த கம்பெனி?" என்று கேட்டாராம். அதை இவர் என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டார்.

பெயிண்ட் என் பொறுப்பு. பிரைமர் அடித்து, கறுப்பு இரண்டு கோட். ஆவடி மழைக்குத் துருப்பிடிக்கக் கூடாதே என்று கவ்வும் தகடுகளின் உள்பக்கம் மட்டும் இன்னும் இரண்டு கோட் தாராளமாக அடித்தேன்.

மாட்டிய பிறகு பரீட்சை. பேத்தியை மருமகளோடு மாடிக்கு அனுப்பிவிட்டோம். மறுபக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. வண்டிக்கு அடியில் யாரும் தலை நீட்டக் கூடாது என்று இவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குழாய்க்கும் கூட்டின் விளிம்புக்கும் நடுவே முக்கால் இஞ்ச் இடைவெளி விட்டிருந்தோம். "உங்கிட்ட பழைய சாக்பீஸ் இருக்கா?" என்று கேட்டார். என்னிடம் இல்லாமலா? ஒவ்வொரு கைக்கும் மேலே இடைவெளியில் ஒரு சாக்பீஸைப் படுக்க வைத்து, உருளாமல் ஒரு துளி மாவுப் பசை தடவினேன். குழாய் மேலே எழும்பிக் கூட்டை நெருங்கினால் சாக்பீஸ் நசுங்கும்.

குழாய்க்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து மகன் ஏற்றினான். டயர்கள் தரையை விட்டு எழும்பின. முன்னால் சாக்பீஸ் அப்படியே இருந்தது. நடுவில் இருந்ததும் அப்படியே. பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம். வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

இறக்கிக் கழற்றிப் பார்த்தார்கள். வெல்டிங் நன்றாகவே இருந்தது. கவ்வியிருந்த தகடுதான் திரும்பியிருந்தது. உள்ளே பெயிண்ட் வெண்ணெய் மாதிரி பிதுங்கி, போல்ட் தளர்ந்திருந்தது. "கவ்வற எடத்துல யார்ரா இவ்ளோ பெயிண்ட் அடிச்சது?" என்றார் இவர், மகனைப் பார்த்து. மகன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குத் தெரியும் யார் அடித்தது என்று. சொல்லவில்லை.

ஒரு நிமிடம் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பொய் சொல்லக் கூடாது என்று உங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள்! பிறகு, "நான்தான். துருப்பிடிக்கக் கூடாதுன்னு நாலு கோட் அடிச்சேன்" என்றேன். இவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், வீட்டில் அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று! "டீச்சருக்கு எல்லாமே எக்ஸ்ட்ரா கோச்சிங்தான்!" மகனும் சிரித்துவிட்டான்.

பெயிண்டைச் சுரண்டி, மெல்லிசாக பிரைமர் மட்டும் தடவி, எல்லா போல்ட்டையும் ஒரே அளவாக முறுக்கினார்கள். மறுபடியும் ஜாக்கி. இந்த முறை ஒரு பக்கத்துக்கு மூன்று, மறுபக்கத்துக்கு மூன்று, ஆறு சாக்பீஸும் முழுசாக இருந்தன. வண்டி தூக்கியிருக்கும்போதே மகன் கையை மட்டும் நீட்டிக் கதவைத் திறந்து மூடினான். 'டப்' என்று சரியாக மூடியது. அந்த ஆறையும் எடுத்து என் பேனா ஸ்டாண்டில் வைத்திருக்கிறேன்.

மாணவர்களில் யாராவது இதைப் படித்துவிட்டுக் கிளம்புவீர்கள் என்று தெரியும். அதனால் சில விஷயங்கள். இரண்டு ஸ்லைடரும் சேர்ந்து 45 கிலோ. எப்போதும் ஒரு ஆள் கூடுதலாக ஏறியிருப்பது போல. போல்ட்டை முதல் பயணம் முடிந்ததும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 2017 டிசம்பரில் முன்பக்கக் கம்பித் தடுப்புகள் கூடாது என்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்னது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதனால்தான் கழற்றி மாட்டும்படி செய்தோம். ஆர்.டி.ஓ. ஆபீசில் கழற்று என்றால் மறுபேச்சு இல்லாமல் கழற்றிவிடுவோம். நீங்கள் செய்வதற்கு முன்பே அங்கே போய்க் கேளுங்கள். என் பெயரைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

பங்குனியில் எல்லோருமாக மறுபடியும் ஜவ்வாது மலைக்குப் போனோம். முன் சீட்டில் அவர். பின்னால் நான், மருமகள், பேத்தி. அதே பாதை, அதே பாறை. பக்கத்தில் வந்ததும் மகன் வண்டியை நிறுத்தி அப்பாவைப் பார்த்தான். "மெதுவா விடு" என்றார். அடியில் 'கர்ர்ர்' என்று நீளமாக ஒரு சத்தம். பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, சறுக்கி, அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

இவர் கதவைத் திறந்து இறங்கினார். அந்தக் கதவுதான், சுலபமாகத் திறந்தது. குனிந்து பார்த்து, விரலால் தடவி, "பெயிண்ட் போயிருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

மலையிலிருந்து வந்த மறுவாரம் மகன்தான் அவரை டாக்டரிடம் கூட்டிப் போனான். இதற்கு முன்பு நான் எத்தனை முறை ஜாடையாகச் சொல்லியும் போகாதவர், அவன் கூப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டார். நாங்கள் பயந்த நோய் இல்லையாம். வயதில் சிலருக்கு வரும் நடுக்கம்தான் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். முழுசாகப் போகாது, குறையும் என்றார்கள்.

இப்போது டீ கோப்பையை முக்கால் வரை நிரப்ப விடுகிறார்.

உங்கள் வீட்டிலும் யாராவது "எனக்குப் போதும்" என்று அரைக் கோப்பையோடு நிறுத்திக்கொள்கிறார்களா என்று ஒரு முறை பாருங்கள். என்னைப் போல ஒரு வருடம் சும்மா இருந்துவிடாதீர்கள்.

எல்லோரும் நன்றாக இருங்கள். வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்